பழுதும் பொறுப்பும்

காஞ்சி மாநகரில் தறியின்முன் அமர்ந்து பட்டு நெய்யும் நெசவாளர், இழை ஒன்று அறுந்தால் அதனை உடனே காண்கிறார்; தறியை நிறுத்துகிறார்; அறுந்த இழையைத் தம் கையாலேயே முடிந்து, மீண்டும் நெய்யத் தொடங்குகிறார். பழுதைக் காண்பவரும் அவரே. அதனைத் திருத்துபவரும் அவரே. ஆதலின், 'இதனைத் திருத்த வேண்டியவர் யார்?' என்னும் வினா அங்கு எழுவதில்லை.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் உள்ளது. அங்கே ஹூண்டாய் நிறுவனம் அமைத்த மோட்டார்த் தொழிற்சாலையில் உருவான 'சான்ட்ரோ' என்னும் கார் 1998ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இன்று அவ்வூர் முதல் ஒரகடம் வரையுள்ள பகுதியில், வண்டிகளையும் அவற்றின் உறுப்புகளையும் செய்யும் ஆலைகள் பல விளங்குகின்றன.

கார் ஒன்றனுள் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உண்டு. அவற்றை ஒருவரே பொருத்துவதில்லை. வண்டியின் கூடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். இருபுறமும் நிற்கும் தொழிலாளர் ஒவ்வொருவரும் தமக்குரிய சில உறுப்புகளை மட்டும் பொருத்துவர். பெரிய ஆலைகளில் ஒரு வண்டிக்கு ஒருவர் பெறும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடமே.

அவ்விடத்தில் ஒரு திருகாணி சரியாக இறுகவில்லை என்று கொள்வோம். குறை திருகாணியில் இருக்கலாம். முறுக்கும் கருவியில் இருக்கலாம். பொருத்தப்படும் குழாயிலும் இருக்கலாம். குறையைக் கண்டவர் அதனைத் திருத்த வல்லவர் அல்லர். திருத்த வல்லவரோ அதனைக் கண்டிலர். கண்டவர் வாளா இருந்துவிட்டால், வண்டி நகர்ந்துவிடும். அடுத்தடுத்துப் பொருத்தப்படும் உறுப்புகள் அக்குறையை மறைத்துவிடும். அது தடைக்கருவியின் குழாயாக இருந்தால், பின்னொரு நாள் மலைச்சாலையில் இறங்கும் ஒரு குடும்பத்தின் உயிருக்கே அது கேடாக முடியலாம்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் வழியும் ஒரு தறியிலிருந்தே பிறந்தது என்பது வியப்பிற்குரியது. ஜப்பான் நாட்டைச் சேர்ந்த சாக்கிச்சி டொயோடா என்பவர், நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும் விசைத்தறி ஒன்றை 1924ஆம் ஆண்டில் செய்து முடித்தார். அவருடைய மகன் கிச்சிரோ டொயோடா தொடங்கிய மோட்டார் நிறுவனம், 'பழுது கண்டவுடன் நிறுத்துக' என்னும் அக்கொள்கையைத் தன் ஆலைக்கும் உரியதாக்கிக்கொண்டது. தொழிலாளரின் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். பழுதைக் கண்டவர் அதனை இழுத்தால், மணி ஒலிக்கும். பலகையில் அவர் நிற்கும் இடத்தின் எண் ஒளிரும். உடனே குழுத் தலைவர் விரைந்து வருவார். குறித்த எல்லைக்குள் பழுது தீர்ந்தால் வரிசை நில்லாது ஓடும். தீராவிடில் வரிசை முழுவதும் நின்றுவிடும். இவ்வமைப்பிற்கு 'அன்டோன்' என்று பெயர். காகிதம் போர்த்த பழைய ஜப்பானிய விளக்கின் பெயர் அது. இம்முறை இன்று உலகின் பல நாட்டு மோட்டார் ஆலைகளிலும் பரவியுள்ளது.

கணிப்பொறி வந்த பின்னர் இம்முறை மேலும் செம்மையுற்றது. பழுதைக் கண்டவர் ஒரு பொத்தானை அழுத்தி, அது எவ்வகைப் பழுது என்பதைக் குறித்தால் போதும். கருவிப் பழுதாயின் பராமரிப்புப் பணியாளருக்கும், உறுப்பின் குறையாயின் தரம் ஆய்பவருக்கும், பொருள் தீர்ந்துவிட்டதாயின் பண்டகசாலைக்கும் செய்தி தானே சென்று சேரும்.

இங்குக் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கணிப்பொறியில் எழுதப்பட்ட விதி, 'இன்னாருக்கு அனுப்புக' என்று கூறாது; 'இன்ன பொறுப்பில் உள்ளவருக்கு அனுப்புக' என்றே கூறும். ஆள் மாறுவார், ஷிப்டு மாறும், ஒருவர் விடுப்பில் செல்வார். ஆனால் பொறுப்பு மாறாது. இந்த ஷிப்டில் இப்பொறுப்பை ஏற்றிருப்பவர் யார் என்பதைத் தனிப் பட்டியல் ஒன்று காட்டும். அதனைப் பார்த்துக் கணிப்பொறி உரியவரைத் தேர்ந்துகொள்ளும். எல்லாருக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பினால் என்ன? 'மற்றொருவர் பார்த்துக்கொள்வார்' என்று ஒவ்வொருவரும் எண்ணுவர். முடிவில் ஒருவரும் வாரார். பலருக்குப் பொதுவான வேலை எவருக்கும் உரியதாகாமல் போவது உலக இயல்பு.

மென்பொருள் செய்வோரும் இம்முறையையே மேற்கொண்டுள்ளனர். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த 'பக்சில்லா' என்னும் பழுதுப் பதிவேட்டில், மென்பொருளின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் முன்னரே குறிக்கப்பட்டிருப்பார். பழுது பதிவானதும், வேறு எவரும் குறிக்கப்படாவிடில், அது அவரிடமே சென்று சேரும்.

எனினும், பொறி தன் வேலையைச் செய்துவிட்டது என்று மனிதர் வாளா இருத்தல் தகாது. பட்டியலைத் திருத்தாமல் விட்டால், பணியிலிருந்து விலகியவருக்கே செய்தி சென்றுகொண்டிருக்கும். பழுதோ கேட்பாரற்றுக் கிடக்கும். ஆதலின், குறித்த நேரத்திற்குள் மறுமொழி இல்லையெனில் செய்தி மேலதிகாரிக்குச் செல்லுமாறும் விதி வகுக்க வேண்டும். தவறான வகையில் குறிக்கப்பட்ட பழுது தம்மிடம் வந்தால், 'இஃது என் வேலையன்று' என்று தள்ளிவிடாமல், உரியவரிடம் சேர்ப்பிப்பதும் பெற்றவரின் கடமையாகும். எல்லாவற்றினும் மேலாக, பழுதை அறிவித்தவரைக் கடிந்துகொள்ளலாகாது. ஒருமுறை கடிந்துகொள்ளப்பட்டவர் மறுமுறை பொத்தானைத் தொடத் தயங்குவார். அத்தயக்கம் தோன்றிய ஆலையில் எத்தனை விளக்குகள் இருந்தாலும் பயனில்லை.

செயலுக்கு உரியவரை ஆராய்ந்து அறிந்து, அச்செயலை அவரிடம் ஒப்படைத்தலைப் பற்றித் திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தில் கூறுகின்றார். அவர் அரசனுக்குக் கூறிய அறம் இன்று ஆலைக்கும் பொருந்துகின்றது. செய்தியை உரியவரிடம் நொடிப்பொழுதில் கொண்டு சேர்க்கப் பொறியால் இயலும். ஆயினும், கண்டதை மறைக்காமல் கூறும் நேர்மையும், வந்ததைத் தனதென ஏற்கும் பொறுப்புணர்ச்சியும் மனிதரிடமிருந்தே வருதல் வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்தில்தான் அறுந்த இழை மீண்டும் முடியப்படும்.