கம்பிச் சக்கரம்: தேய்மானம் அறிந்து வாங்குவோம்

தேவிகுளத்திலிருந்து பூப்பாறை வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலை, வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் சோதித்துப் பார்க்கும். போடிமெட்டு மலைப்பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய சாலையில் ஓட்டும் ஆசையுடன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எண்ணுவோர், அதன் வண்ணப்பூச்சுக்கு முன்பாகக் கம்பிச் சக்கரங்களைக் கவனிக்க வேண்டும்.

கம்பிச் சக்கரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது புல்லட் மோட்டார் சைக்கிள். 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. போன்ற ஆங்கிலேயக் கார்களின் கம்பிச் சக்கரம் அமைப்பில் வேறானது. சக்கரத்தைப் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே பெரிய நட்டு. ஹப்பின் வெளிப்புறத்திலும் சக்கரத்தின் உட்புறத்திலும் வரிவரியாகப் பற்கள் இருக்கும். எஞ்சினின் இழுவையும் பிரேக்கின் பிடிப்பும் இப்பற்களின் வழியாகவே சக்கரத்தை அடைகின்றன. நட்டை நன்கு இறுக்கும்போது இருபுறமும் உள்ள கூம்புப் பரப்புகள் சக்கரத்தை மையத்தில் அசையாது நிறுத்துகின்றன.

தேய்மானம் எவ்வாறு நேர்கிறது?

நட்டு சற்றுத் தளர்ந்தாலும், கிரீஸ் உலர்ந்தாலும் பற்கள் ஒன்றோடொன்று உராய்கின்றன. ஏற்றத்தில் பின்சக்கரப் பற்களின் ஒரு பக்கம் அழுந்துகிறது; இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது மறுபக்கம் அழுந்துகிறது. ஆகவே மலைச்சாலையில் இம்மோதல் ஓயாது நிகழ்கிறது. தட்டையாக இருந்த பல்லின் முகடு நாளடைவில் கத்திமுனை போலக் கூர்மையாகிறது. முற்றிலும் தேய்ந்தால் ஹப் மட்டும் நிற்க, சக்கரம் அதன்மேல் வழுக்கிச் சுழலும். அப்போது அச்சக்கரத்திற்குப் பிரேக் இல்லை என்றே பொருள்.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள்

• சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘டக்’ என்ற ஒலியுடன் அசைந்தால் பற்கள் தேய்ந்துள்ளன.

• சக்கரத்தைக் கழற்றிப் பற்களை நேரில் காண வேண்டும். சிவந்த துருத்தூள், உலர்ந்த உராய்வின் அடையாளம்.

• கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் ஏறக்குறைய ஒரே நாதம் எழ வேண்டும். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்தது.

• எம்.ஜி.பி.யில் வலப்பக்க நட்டுக்கு இடமரையும் இடப்பக்க நட்டுக்கு வலமரையும் இருக்கும். ஹப்புகள் பக்கம் மாறியிருந்தால் ஓட்டத்திலேயே நட்டு கழலக்கூடும்.

செலவுக் கணக்கு

பலரும் சக்கரத்தை மட்டும் புதிதாக வாங்கிச் சிக்கனம் செய்ய முயல்கின்றனர். தேய்ந்த ஹப்பில் பொருத்திய புதிய சக்கரம் விரைவில் தேய்ந்துவிடும், அச்செலவு வீணாகும். ஹப்பும் சக்கரமும் இணையாகத் தேய்பவை, இணையாகவே மாற்றத்தக்கவை. மோட்டார் காப்பீடு தேய்மானத்திற்கு இழப்பீடு வழங்குவதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. எனவே விலை பேசும்போதே இச்செலவை மதிப்பிட்டுக் கழித்துக்கொள்வது நலம்.

வாங்கிய பின் பராமரிப்பு எளியது. அவ்வப்போது சக்கரத்தைக் கழற்றிப் பற்களையும் கூம்புப் பரப்பையும் துடைத்து, புதிய கிரீஸ் பூச வேண்டும். சக்கரம் தரையில் படாதிருக்கும்போது நட்டைச் செம்புச் சுத்தியலால் இறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். மலையிறங்கும் நாளில் புறப்படுமுன் இதற்குச் செலவிடும் சில நிமிடங்கள், வண்டியையும் அதிலிருப்போரையும் காக்கும்.