சமாதானம் உன்னோடு!

“சாமி, என் பெயருக்குரிய புனிதை பிறக்கவே இல்லையென்று என் பேரன் சொல்லுகிறான். அப்படியானால், இத்தனை வருஷமாய் நான் செய்த நவநாளெல்லாம் வீண்தானா?”

திருப்பலி முடிந்ததும் கண்கலங்கி இவ்வாறு வினவினார் பிலோமினா எனும் பெயர் தாங்கிய மூதாட்டி ஒருவர். இக்கேள்வி நம் இல்லங்கள் பலவற்றிலும் எழக்கூடியதே. ஆகவே, நடந்ததை உள்ளபடி அறிவோம்.

1802 மே 24-ஆம் நாள், உரோமையில் பிரிஸ்கில்லா சுரங்கக் கல்லறையில், மூன்று சுட்ட ஓடுகளால் மூடப்பட்ட குழியொன்று காணப்பட்டது. உள்ளே ஓர் இளம்பெண்ணின் எலும்புகளும் கண்ணாடிக் குப்பியொன்றும் இருந்தன. ஓடுகளில் நங்கூரம், அம்பு, குருத்தோலை ஆகிய சின்னங்களோடு இலத்தீன் எழுத்துகளும் தீட்டப்பட்டிருந்தன. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்துப் படித்தால், “சமாதானம் உன்னோடு, பிலுமேனா” என்று பொருள்படும். குப்பியில் இருந்தது இரத்தமே என்று எண்ணி, அவளை வேதசாட்சி என அக்காலத்தவர் கொண்டனர்.

1805-இல் அத்திருப்பண்டங்கள் நாப்பொலி நகருக்கு அண்மையிலுள்ள முஞ்ஞானோ என்னும் ஊர் சேர்ந்தன. கிரேக்க இளவரசி, தியோக்ளேசியன் மன்னனை மணக்க மறுத்தவள், நங்கூரத்தோடு ஆற்றில் எறியப்பட்டவள் என்னும் வரலாறோ, 1833-இல் அருட்சகோதரி ஒருவர் தமக்கு வெளிப்படுத்தப்பட்டதாகக் கூறியதே. கல்லறை அதனைச் சொல்லவில்லை.

ஆயினும் பக்தி காட்டுத்தீயெனப் பரவிற்று. 1835-இல் பவுலின் ஜாரிக்கோ அம்மையார் முஞ்ஞானோவில் நலம் பெற்றார். 1837-இல் பாப்பரசர் 16-ஆம் கிரகோரியார் திருநாள் கொண்டாட இசைந்தார். ஆர்ஸ் பங்குக்குரு புனித வியான்னி தம்மை நாடிவந்த புதுமைகளையெல்லாம் அவள் பெயருக்கே ஏற்றிச் சொன்னார். நமக்கு அண்மையில் மைசூரிலும் அவள் பெயரால் பேராலயம் எழுந்தது.

பின்னர் அறிஞர் ஆராய்ந்தனர். ஓடுகள் பழைய கல்லறையொன்றிலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்தப்பட்டவை என்றார் மாருக்கி. குப்பியும் வேதசாட்சியத்திற்குச் சான்றாகாது. எனவே 1961-இல் அவள் திருநாளை வழிபாட்டு நாட்காட்டிகளினின்று நீக்கப் பணித்தது திருச்சபை. அத்தகைய பெண்ணே வாழ்ந்ததில்லை என்று அது தீர்ப்புரைக்கவில்லை. ஐயத்திற்குரியதைப் பொதுவழிபாட்டில் வைத்தலாகாது என்றே கருதியது. உண்மையே வடிவான இறைவனுக்குப் புனைகதையால் புகழ் சேர்க்க வேண்டுவதில்லை அன்றோ!

அம்மூதாட்டிக்கு நான் சொன்னது இதுவே: “அம்மா, செபத்தைக் கேட்பவர் கடவுள். புனிதர் நமக்காகப் பரிந்து பேசுவோர் மட்டுமே. முகவரியில் எழுத்துப் பிழையிருந்தாலும் பிள்ளையின் கடிதத்தைத் தந்தை திருப்பி அனுப்புவதில்லை. இளவரசிக் கதையை விட்டுவிடுங்கள். அன்பு நிறைந்த உள்ளங்கள் தங்கள் இறந்தோருக்கு எழுதிவைத்த அந்த வாழ்த்தை மட்டும் பற்றிக்கொள்ளுங்கள்.”

அவர் முகம் மலர்ந்தது. “அது போதும் சாமி” என்றார்.

அன்பர்களே, நமக்கும் அது போதும்: சமாதானம் உன்னோடு!