பாடு போட்டதைப் படம் பிடிச்சாச்சு... டிஸ்க்ல ஏத்தியாச்சா?

காலேஜ் புராஜெக்ட், டாக்குமென்டரி போட்டின்னு கேமராவும் கையுமா பழவேற்காடு கிளம்புற ஆளா நீங்க? பொன்னேரி தாண்டினா, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பூநாரை, டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய ஜெல்டிரியா கோட்டை, பழைய கல்லறைன்னு எல்லாரும் எடுக்கிறதைத்தான் நீங்களும் எடுப்பீங்க. ஆனா கொஞ்சம் பொறுங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதாகுப்பம் பக்கம் போய் 'பாடு' பத்திக் கேளுங்க.

இன்னைக்கு எந்த இடத்தில் யார் சுத்துவலை கட்டுறது? அதை முறை வச்சு, சீட்டுப் போட்டுப் பிரிச்சுக்கிற ஏற்பாடுதான் பாடு. எழுதின சட்டத்தைவிட அனுபவசாலிகளின் பேச்சில்தான் அது அதிகம் வாழுது. அப்படி ஒரு பெரியவர் ஒரு மணி நேரம் பேசினதை நீங்க பதிவு பண்ணினா, அது உங்க மார்க்குக்கான வீடியோ மட்டும் இல்லை. ஒரு ஊரோட உரிமைக் கணக்கு. அதை அவங்களுக்கே திருப்பிக் கொடுக்கணும்ல? செல்போன்ல கிடந்தா, போன் மாறும்போது போச்சு. பென் டிரைவ்ல கொடுத்தா, அதுமேல சினிமா பாட்டு ஏறிடும். ஒரு முறை எழுதினா அழிச்சு எழுத முடியாத டிவிடி-ஆர் இங்கேதான் கைகொடுக்குது.

டிவிடியில் ஹெச்.டி-யா?

முடியும். சோனியும் பானசோனிக்கும் 2006-ல் கொண்டுவந்த ஏ.வி.சி.ஹெச்.டி அதுக்குத்தான் வழி. சாதா 4.7 ஜி.பி டிவிடியிலேயே ஹெச்.டி படம் ஏறும். ஆனா ப்ளூ-ரே பிளேயர்லதான் ஓடும். பழைய டிவிடி பிளேயர் 'ஸாரி' சொல்லிடும். ஸோ, திரையிடப் போகும்போது டிபார்ட்மென்ட் பிளேயரையும் தூக்கிட்டுப் போங்க.

முதல் வேலை: 'மீடியாஇன்ஃபோ'வில் ஃபைலைத் திறந்து உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க. எம்.பி.4, எம்.கே.வி எல்லாம் வெறும் டப்பாதான். உள்ளே ஹெச்.264 படம், 1920x1080 அளவு, நொடிக்கு 24 ஃப்ரேம், ஏசி-3 ஒலின்னு இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. மறுபடி கம்ப்ரஸ் பண்ணவே வேண்டாம். டப்பாவை மட்டும் மாத்தினா போதும். கம்ப்ரஸ் ஆனதையே திரும்பக் கம்ப்ரஸ் பண்ணினா, ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான்.

போன்ல எடுத்ததா? பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேம், ஏஏசி ஒலி, சிலதில் ஹெச்.265. இந்த மூணுமே இந்த டிஸ்க்குக்கு ஒத்துவராது. 'ஹேண்ட்பிரேக்'கில் போட்டு ஹெச்.264-க்கு மாத்துங்க. அளவு 1280x720, நொடிக்கு 59.94 ஃப்ரேம் (ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு தடவை வரும், அவ்வளவுதான்), 'கான்ஸ்டன்ட்' ஃப்ரேம் ரேட், லெவல் 4.0, ஒலி ஏசி-3, 48 கிலோஹெர்ட்ஸ். கூடுதல் ஆப்ஷனில் ப்ளூ-ரே பொருத்தத்தையும் சேருங்க. வேகம் சராசரி 12 எம்.பி.பி.எஸ் வச்சா, ஒரு டிவிடியில் சுமார் 50 நிமிஷம் ஏறும். பெரியவர் ஒரு மணி நேரம் பேசினாரா? ரெண்டு டிஸ்க் போடுங்க. அவர் பேச்சை வெட்டாதீங்க.

அடுத்து 'டிஎஸ்மக்ஸர்'. இலவச சாஃப்ட்வேர். ஏ.வி.சி.ஹெச்.டி டிஸ்க்னு தேர்ந்தெடுத்தா, பி.டி.எம்.வி ஃபோல்டரை அதுவே போட்டுத் தரும். அந்த ஃபோல்டரை 'இம்ஜ்பர்ன்'ல யு.டி.எஃப் 2.50 முறையில் எரிங்க. முதல்ல அழிச்சு எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூவில் டெஸ்ட். படமும் உதட்டசைவும் சேர்ந்து வருதான்னு கடைசி வரை பாருங்க. அப்புறம்தான் நல்ல டிஸ்க்.

ஒரு எச்சரிக்கை

டிஸ்க் சாகாவரம் வாங்கி வரலை. எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திடுச்சு. வெயிலும் ஈரமும் டிவிடிக்கும் ஆகாது. அதனால ஒரிஜினல் ஃபைலை அழிக்காம ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல தனித்தனியா வைங்க. டிஸ்க் ஊருக்கு, ஒரிஜினல் உங்க லைப்ரரிக்கு.

இன்னொண்ணு. படம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஊர்ப் பெரியவங்ககிட்ட அனுமதி கேளுங்க. எடுத்ததை வெளியே காட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போட்டுக் காட்டுங்க. "இது தப்பு தம்பி, முறை அப்படி இல்லை"ன்னு ஒருத்தர் சொன்னா, திரும்ப எடிட் பண்ணுங்க. டிவிடி-ஆர் ஒரு தடவைதான் எழுதும். அதுக்கு முன்னாடி எத்தனை தடவை வேணும்னாலும் திருத்தலாமே!