பறவைகளுக்கு வாடகைக்கு வயல்

தொடக்கக் கல்லூரியில் படித்தபோது ஒரு விவாதப் போட்டியில் எங்கள் அணி வென்றது. ‘வனவிலங்குகளுக்கு இடம் தரும் தனியார் நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும்’ என்பது தலைப்பு. நான் எதிர்த்துப் பேசினேன். “குப்பை போடாமல் இருப்பதற்கு யாராவது சம்பளம் கேட்பார்களா?” என்று கேட்டேன். அரங்கில் பலத்த கைதட்டல். அந்த ஒரு வரிதான் எங்களுக்குக் கோப்பையை வாங்கித் தந்தது என்று நினைக்கிறேன்.

அது எவ்வளவு அவசரமான வரி என்பது, பல்கலைக்கழகத்தில் பொருளியல் பாடத்துக்காகக் கலிஃபோர்னிய நெல் விவசாயிகளைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது.

அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்கா வரை ஆண்டுதோறும் பறக்கும் நீர்ப்பறவைகளுக்குக் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு முக்கியமான தங்குமிடம். ஆனால் அங்கிருந்த ஈரநிலங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டன. அவற்றின் இடத்தில் வயல்களும் தோட்டங்களும் நகரங்களும் உள்ளன.

பறவைகளுக்கு எதிர்பாராத உதவி ஒரு சட்டத்தால் கிடைத்தது. அறுவடைக்குப் பின் வைக்கோலை எரிப்பதைக் கட்டுப்படுத்தி 1991ல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. காற்று மாசைக் குறைப்பதே நோக்கம். எரிக்க முடியாத வைக்கோலை மட்கவைக்க, சாக்ரமென்டோ பள்ளத்தாக்கு விவசாயிகள் பலர் குளிர்காலத்தில் வயலில் நீர் நிரப்பினர். வாத்துகளும் உள்ளான்களும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின.

சிக்கல் பிப்ரவரியில்தான். அடுத்த நடவுக்கு நிலம் காய வேண்டும் என்பதால் விவசாயிகள் நீரை வடித்துவிடுவார்கள். உள்ளான் போன்ற கரைப்பறவைகள் வடக்கே திரும்பும் பயணம் சூடுபிடிப்பதும் அப்போதுதான். அவற்றுக்கு ஆழமான நீர் உதவாது. சேற்றில் அலகை நுழைத்து இரை தேடப் பத்து சென்டிமீட்டருக்குள் நீர் இருந்தால் போதும். அதுவும் சில வாரங்களுக்கு மட்டுமே.

சில வாரத் தேவைக்காக நிலத்தையே விலைக்கு வாங்குவானேன், வாடகைக்கு எடுத்தால் என்ன என்று யோசித்தது ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ என்ற அமைப்பு. 2014ல் ‘பேர்ட்ரிட்டர்ன்ஸ்’ திட்டம் பிறந்தது. அது நடந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கமான ஏலத்தில் அதிக விலை கேட்பவர் வெல்வார். இது தலைகீழ் ஏலம். ‘என் வயலில் இத்தனை வாரம் ஆழமில்லாத நீர் வைத்திருக்க, ஏக்கருக்கு இவ்வளவு வேண்டும்’ என்று விவசாயி தாமே விலை எழுதிக் கொடுப்பார். குறைந்த விலையில் நல்ல வாழ்விடம் தரக்கூடிய வயல்கள் தேர்வாகும். அந்த முதல் ஏலத்தில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் வயல் தற்காலிக ஈரநிலமானது. கலிஃபோர்னியா கடும் வறட்சியில் தவித்த ஆண்டு அது.

எல்லாருக்கும் ஒரே தொகை கொடுத்திருக்கலாமே என்று எங்கள் வகுப்பில் ஒருவர் கேட்டார். அப்படிக் கொடுத்தால் சிலருக்கு அது மிகையாகவும் சிலருக்குக் குறைவாகவும் இருக்கும். நீரை வைத்திருந்தால் நடவு தள்ளிப்போகும்; நிலம் காயத் தாமதமாகும்; வேலையும் கூடும். அதன் உண்மையான செலவு அந்த விவசாயிக்குத்தான் தெரியும். தலைகீழ் ஏலம் அந்தக் கணக்கை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறது. ‘புற நன்மை’ என்று பாடநூலில் மனப்பாடம் செய்த சொல்லுக்கு எனக்கு அன்றுதான் பொருள் விளங்கியது.

எந்த வயல், எந்த வாரம் என்பதை முடிவுசெய்ய உதவியவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்றவர்கள். கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் ‘இபேர்ட்’ தளத்தில் சாதாரணப் பறவை ஆர்வலர்கள் பதிந்த எண்ணிக்கைகளையும், நீர்ப்பரப்பைக் காட்டும் துணைக்கோளப் படங்களையும் இணைத்துத்தான் வாழ்விடம் எங்கே, எப்போது போதவில்லை என்று கணித்தனர். சுங்கை பூலோவில் பவளக்காலிகளை எண்ணி நானும் அதே தளத்தில் பதிகிறேன். அதுவரை அதைப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

குப்பை போடாமல் இருப்பது பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருப்பது. வயலில் நீரைத் தேக்கி வைப்பதோ பிறருக்காகச் செய்யும் வேலை. இரண்டையும் நான் ஒன்றாக்கிப் பேசிவிட்டேன். ஈரநிலத்தை அழித்துத்தானே வயல் வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய தவற்றுக்குப் பொறுப்பு யாருடையது என்று நாம் விவாதித்து முடிக்கும்வரை பறவைகள் வானில் காத்திருக்க முடியாது.

இதற்காக என் பழைய வாதம் முழுவதையும் நான் கைவிடவில்லை. வாடகைப் பணம் நின்றால் அடுத்த பிப்ரவரியில் நீரும் நின்றுவிடும். நிரந்தர ஈரநிலத்துக்கு இது ஈடாகாது. சிங்கப்பூரில் பெரும்பாலான நிலம் அரசாங்கத்துடையது என்பதால் இந்தக் கேள்வி நம்மை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றோரத்தில் யானைகள் செம்பனைத் தோட்டங்களுக்கு இடையே வழி தேடி நடக்கின்றன. ஒரு சிறுதோட்டக்காரர் யானைக்காகச் சில வரிசை மரங்களை விட்டுக்கொடுத்தால், அந்த இழப்பை அவர் மட்டுமே சுமக்க வேண்டுமா? அன்று இதை யாராவது கேட்டிருந்தால் மேடையில் எனக்குப் பதில் இருந்திருக்காது.

சென்ற வாரம் இதையெல்லாம் விரிவாக எழுதி, அன்று எதிரணியில் பேசிய தோழிக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: “அப்படியென்றால் கோப்பையைத் திருப்பிக் கொடு.”