முகத்தை இழுத்துத் தைக்கும் சிகிச்சை: செல்லுமுன் அறிய வேண்டியவை

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ மேடையில், அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது குறித்து உரையாற்றினேன். புருவ முடி பறித்தல், பச்சை குத்துதல், பல்லை அராவுதல் ஆகியவற்றுடன், முகத்தை அறுத்துச் சீர் செய்துகொள்வதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டு இறங்கினேன். பல மாதங்கள் கழித்து, வன்னியம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் தம் மனைவியின் பொருட்டு என்னைத் தேடி வந்தார். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியை அகற்றியபோது, முகநரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்றாம். அதன்பின் அந்த அம்மையாரின் இடப்பக்க முகம் தொங்கிப்போனது. உணவு வாயோரம் ஒழுகும். உளூச் செய்கையில் கொப்பளிக்கும் நீர் வாயில் நிற்காது. தொங்கிய பக்கத்தைத் தூக்கிக் கட்டலாம் என்று மதுரையில் ஒரு மருத்துவர் கூறியும், "ஹஜ்ரத் பயானில் கூடாது என்றார்களே" என்று அவர் மறுத்துவிட்டார். நான் பிரித்து விளக்காமல் பேசியதால் ஒரு முஸ்லிம் பெண் அவ்வளவு காலம் துன்பப்பட்டிருக்கிறார். இக்கட்டுரை அந்த உரைக்கு நான் எழுதும் திருத்தம் என்று கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். அழகுக்காகப் படைப்பை மாற்றுவோரைக் கண்டிக்கும் நபிமொழி, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அதே வேளையில், குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்த, அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். ஆண்களுக்குத் தங்கம் தடையாக இருந்தும் அந்த அனுமதி கிடைத்தது. இவ்விரண்டையும் முன்வைத்தே அறிஞர்கள் பேசுகின்றனர். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பிறவிக் குறை, விபத்து, தீக்காயம், நோய் ஆகியவற்றால் வந்த குறைகளைச் சீராக்குவதை அனுமதித்தது. நோய்நிலை இல்லாதபோது, வெறும் சுருக்கத்தை நீக்க அறுவையோ ஊசியோ கூடாது என்றும் முடிவு செய்தது. சிவகாசிப் பட்டாசு ஆலை விபத்துகளில் முகம் கருகியவர்கள் நம் மாவட்டத்தில் பலர் உள்ளனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. அத்தகையோர் செய்துகொள்ளும் தோல் சீரமைப்பைப் பார்த்து, "படைப்பை மாற்றுகிறார்" என்று கூறுவது அறியாமை. மருத்துவக் காப்பீட்டு விதிகளும் ஏறக்குறைய இதே கோட்டையே கிழிக்கின்றன. அழகுக்கான அறுவைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்திய சீரமைப்புக்கு உண்டு.

இனி சிகிச்சைக்கு வருவோம். தேவைப்பட்டுச் செல்வோரும், கணவரோ பிள்ளைகளோ வற்புறுத்துவதால் தயங்கி நிற்போரும் இதை அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பொருளீட்டும் மகன் தாயாரிடம், "பத்து வயது குறைந்து தெரிவீர்கள்" என்று தொலைபேசியில் கூறும் காலமாக இருக்கிறது.

ஃபேஸ்லிஃப்ட் என்னும் இவ்வறுவையில், நெற்றிப்பொட்டின் முடியோரத்தில் தொடங்கும் கீறல், காதின் முன்புறமாக இறங்கி, காது மடலைச் சுற்றி, பின்னால் பிடரி முடிக்குள் முடிகிறது. தோலைப் பிரித்தெடுத்து, அதன் கீழுள்ள தசையுறையை மேலே இழுத்துத் தைப்பார்கள். மிஞ்சும் தோலை வெட்டி நீக்கி, இழுவையின்றி மூடுவார்கள். தோலை மட்டும் இழுத்தால் முகம் விறைத்துப் போகும். விரைவில் மீண்டும் தொங்கியும் விடும். நரம்பை இழந்த முகத்துக்கு இது மட்டும் போதாது. தொடையிலிருந்து எடுத்த தசையுறைப் பட்டையைக் கொண்டு வாயோரத்தைத் தூக்கிக் கட்டுவதும் உண்டு. முழு மயக்கத்திலோ, ஊசியால் மரத்துப்போகச் செய்து அரைத் தூக்கத்திலோ இது நடைபெறும். சில மணி நேரம் பிடிக்கும்.

விழித்தெழும்போது தலையையும் தாடையையும் சுற்றிக் கட்டு இருக்கும். (இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் செல்கிறது. உங்கள் தலையில் இருப்பதும் நம்மூர்த் தறியில் ஓடியதாக இருக்கலாம்.) காதின் பின்னே இரத்தம் வடிய மெல்லிய குழாய் வைத்திருந்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். இரண்டு, மூன்றாம் நாட்களில் வீக்கமும் கன்றிய நிறமும் உச்சத்தில் இருக்கும். கண்கள் சுருங்கி, முகம் அடையாளம் தெரியாதபடி ஆகும். பலர் அப்போதுதான் மனமுடைந்து அழுகின்றனர். அது தணியக்கூடியதே. தையல்களை ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் படிப்படியாகப் பிரிப்பார்கள். வெளியே நடமாட இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். கன்னமும் காதும் மரத்திருப்பது மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆகவே சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது. தழும்பு மங்க ஓராண்டு செல்லும்.

ஆபத்துகளுள் முதன்மையானது தோலுக்கடியில் இரத்தம் கட்டிக்கொள்வது. பெரும்பாலும் முதல் நாளிலேயே வரும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடமும், ஆண்களிடமும் இது அதிகம். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், நள்ளிரவானாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். புகைபிடிப்போருக்குக் காதின் பின்தோல் கருகி உதிர்வது உண்டு. சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். நம் போன்ற மாநிறத் தோலில் தழும்பு தடித்து எழும் வாய்ப்பு கூடுதல். முகநரம்பு பாதிக்கப்பட்டால் புருவமோ உதடோ இயங்காமற்போகும். அது பெரும்பாலும் தானே மீளும். அரிதாக மீளாமலும் போகும். சர்க்கரை அளவு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்து, மீனெண்ணெய் மாத்திரை எது உண்டாலும் மறைக்காமல் கூறுங்கள்.

தாடி வைத்துள்ள ஆண்களுக்கு ஒரு தனிச் செய்தி: முடி முளைக்கும் தோல் காதை நோக்கி இழுபடுவதால், பிறகு காதோரத்திலும் காதின் பின்னும் தாடி முளைக்கலாம். இதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நெற்றிக்கோடு, உதட்டைச் சுற்றிய மெல்லிய சுருக்கம், கண்ணுக்கடியில் உள்ள பை ஆகியவற்றை இவ்வறுவை நீக்குவதில்லை. முதுமையையும் நிறுத்துவதில்லை. பலன் ஏழு முதல் பத்தாண்டுகள் இருக்கும் என்பது பொதுவான கணக்கு.

வணக்க வழிபாடுகள் பற்றிப் பலர் கேட்க வெட்கப்படுகின்றனர். கட்டு உள்ள இடத்தில் ஈரக் கையால் மஸஹ் செய்து, நீர் படக்கூடிய இடங்களைக் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதுவே போதுமானது. ஷாஃபிஈ மத்ஹபினர் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். கட்டு முகத்தில் இருப்பதால் குணமடைந்த பின் அத்தொழுகைகளை மீட்டவும் வேண்டும். குணமாகிக் கட்டை அவிழ்த்தபின் மஸஹ் செல்லாது. தலையைத் தாழ்த்தினால் இரத்தம் முகத்தில் ஏறித் தையலுக்குள் கசியும் என்பதால், மருத்துவர் குனியக் கூடாது என்பார். அந்நாட்களில் ருகூவையும் ஸுஜூதையும் சைகையாகச் செய்யுங்கள். ஸுஜூதுக்குச் சற்றுக் கூடுதலாகத் தலை அசைத்தால் போதும். அறுவை நேரத்தில் தவறிய தொழுகையைத் தெளிந்ததும் களாச் செய்ய வேண்டும். மாத்திரைகளும் நீராகாரமும் தேவைப்படுவதால், அவசரமில்லாத அறுவையை ரமளானில் வைக்காதீர்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. அறுவைக்கு முன்னும் பின்னும் முகத்தைப் புகைப்படம் எடுப்பது இத்துறையில் வழக்கம். மருத்துவக் குறிப்புக்கு அது தேவைதான். ஆனால் கையெழுத்து வாங்கும் படிவத்தில், அப்படங்களை விளம்பரத்திலோ இணையத்திலோ பயன்படுத்தச் சம்மதம் என்ற வரி இருக்கக்கூடும். படித்துப் பார்த்து அதை அடிக்கச் சொல்லுங்கள். அதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார்.

மருத்துவரைத் தேர்வதில் சற்றும் அலட்சியம் கூடாது. 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குச் சென்ற 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவர் சென்ற இடத்துக்கு மருத்துவமனைக்குரிய உரிமமே இல்லை. மருத்துவம் படித்தவருக்கே இந்நிலை. முகத்தில் கத்தி வைப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா, மயக்க மருத்துவர் உடனிருப்பாரா, இரவில் ஆபத்து நேர்ந்தால் யார் வருவார் என்று கேளுங்கள். அழகு நிலையத்தில் படுக்கை போட்டுச் செய்வதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நோய்க் குறை உள்ளவர்கள் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவை முதலில் அணுகலாம்.

அந்த அம்மையார் அறுவை செய்துகொண்டார். மூன்றாம் நாள் பேரன் அருகில் வர மறுத்து அழுததே வலியைவிடக் கொடியதாக இருந்தது என்று தம் கணவர் மூலம் சொல்லி அனுப்பினார். ஆகவே வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லி வையுங்கள். இப்போது கொப்பளிக்கும் நீர் அவர் வாயில் நிற்கிறது. இடக்கண் மட்டும் இன்னும் முழுதாக மூடுவதில்லை. அதற்கு இரவில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்.