இந்த வீட்ல யாராவது செத்துருக்காங்களா?

தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீடு விலைக்கு வந்தது. பார்த்துவிட்டு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி மேலே இருப்பதுதான். புரோக்கரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், ராசியான வீடு"ன்னார்.

அம்மா விடலை. அடுத்த ஞாயிறு கூடவே வந்து எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாங்க. பத்தே நிமிஷம்தான். வீட்டுக்காரர் 2016-ல் மாரடைப்பில் போனார். அந்தத் துக்கத்திலேயே அவரோட அம்மாவும் அடுத்த வருஷம் போய்ட்டாங்க. துர்மரணம் எதுவும் இல்லைன்னு அம்மாவுக்கு நிம்மதி.

எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரலை. விற்பவர்கள் காட்டிய வாரிசுச் சான்றிதழில் மனைவி, இரண்டு மகன்கள் என மூன்று பேர்தான் இருந்தார்கள். மகன் சாகும்போது உயிரோடு இருந்த அந்தப் பாட்டி எங்கே?

வக்கீலிடம் போனேன். வீடு இறந்தவரின் சுயசம்பாதியம், உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக, நான்கு சம பங்கு. பாட்டிக்குக் கால் பங்கு. பாட்டியும் உயில் எழுதாமல் இறந்ததால் அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். தாத்தா எப்போதோ போய்விட்டார். பாட்டிக்கு இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். முன்பே இறந்த மகனின் கிளைக்கு ஒரு பாகம், மகள்களுக்கு ஆளுக்கு ஒரு பாகம். அதாவது, விற்பவர்களின் இரண்டு அத்தைகளுக்கும் இந்த வீட்டில் ஆளுக்கு 12-ல் ஒரு பங்கு. அவர்கள் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், பின்னாளில் பாகம் கேட்டு வழக்குப் போடலாம்.

வில்லங்கச் சான்றிதழில் இது தெரியாதா? தெரியாது. அதில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டுமே. சாவைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் யாரும் பதிவதில்லை.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? நான் செய்தது இதுதான்.

முதலில், அக்கம்பக்கம். எதிர்வீடு, இஸ்திரி போடுகிறவர், பால்காரர். இரண்டு மூன்று பேரிடமாவது கேட்க வேண்டும்.

அடுத்து, இறப்புச் சான்றிதழ். தேதியும் இறந்த இடமும் அதில் இருக்கும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969-ன் 17-வது பிரிவுப்படி பதிவேட்டைத் தேடித் தரச்சொல்லி யாரும் கேட்கலாம். ஆனால் சாவுக்கான காரணத்தைத் தர மாட்டார்கள். அதே பிரிவு தடுக்கிறது. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில்தான் பதிவு. ஆகவே விற்பவரிடமே நகல் கேட்பது சுலபம். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

மூன்றாவது, ஒரு தாளில் குடும்ப மரம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இறந்த தேதி. வாரிசுச் சான்றிதழை இதோடு ஒப்பிட்டால் விடுபட்ட ஆள் தெரிந்துவிடும்.

தற்கொலை, கொலை நடந்த வீடு என்றால்? சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, சொத்திலோ உரிமையிலோ உள்ள, சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்கிறது. சாவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கலிபோர்னியாவில் 3 ஆண்டுக்கு முந்தைய சாவை விற்பவர் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. இங்கேயும் நேராகக் கேட்டுவிடுவதுதான் நல்லது, முடிந்தால் எழுத்தில்.

அத்தைகளோடு பேச்சுவார்த்தை இல்லைன்னு மகன்கள் ரொம்பத் தயங்கினார்கள். அவங்க கையெழுத்துப் போடாமல் அட்வான்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டோம். நான்கு மாதம் கழித்து இரண்டு அத்தைகளும் தங்கள் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது யார் வீடு பார்க்கப் போனாலும் அம்மாவின் கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன். கூடவே இன்னொன்று: அவங்க சாகும்போது யாரெல்லாம் உயிரோட இருந்தாங்க?