கல்லில் நின்ற பெயர்கள்

தொழிலின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நாம், அந்தந்த ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் விரைவில் அறிந்து கொள்கிறோம். கடைத்தெருவும் ரயில் நிலையமும் சில நாட்களிலேயே பழகிவிடுகின்றன. ஆனால் நாற்சந்தியிலோ, கச்சேரி வாசலிலோ, பள்ளிக்கூடச் சுவரிலோ பதிந்திருக்கும் ஒரு சிறு கல்லை நாம் நின்று பார்ப்பதில்லை. பல ஊர்களில் அந்தக் கல், அங்கிருந்து போருக்குச் சென்று திரும்பி வராத சிலரைப் பற்றியதாக இருக்கும். டில்லியில் 1931-இல் திறக்கப்பெற்ற இந்தியா கேட்டை அறியாதவர் இலர். 2019-இல் அதனருகே திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவிடத்தையும் பலர் கண்டிருப்பர். சிறிய ஊர்களில் நிற்கும் நினைவுச் சின்னங்கள் யாரைப் போற்றுகின்றன, அவற்றை எவ்வாறு படிப்பது என்பதை இங்கே ஆராய்வோம்.

கல் நாட்டி வீரனைப் போற்றும் வழக்கம் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் இதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது. தக்க கல்லைக் கண்டு தேர்வது முதல், அதனை நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து வாழ்த்துவது வரை யாவும் அதில் அடங்கும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட நடுகல்லொன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரைப் பண்டைத் தமிழ் எழுத்துக்களில் தாங்கி நிற்கிறது. அவனை மன்னன் என்றோ படைத்தலைவன் என்றோ அக்கல் கூறவில்லை. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்த பின்பும் அவன் பெயரை நாம் சொல்ல முடிகிறது.

இவ்வழக்கம் நம் நாட்டில் பரந்து காணப்படுவது. கர்நாடகத்தில் வாழும் நம்மவர் வீரகல் என்ற பெயரிலும், குஜராத்தில் வாழ்பவர் பாளியா என்ற பெயரிலும் இத்தகைய கற்களைக் காணலாம். கன்னட நாட்டு வீரகற்கள் பல, மூன்று அடுக்குகளாகச் செதுக்கப்பட்டவை. கீழே போர்க்களம், நடுவே தேவமாதர் வீரனை மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் காட்சி, மேலே அவன் சிவலிங்கத்தின் முன் வீற்றிருக்கும் காட்சி. சௌராஷ்டிரத்துப் பாளியாக்கள் பலவற்றில் குதிரையேறிய வீரனும், அவனுக்கு மேலே சூரிய சந்திரரும் இருப்பர். எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க கற்கள் இவை.

முதல் உலக மகா யுத்தத்திற்குப் பின் இந்நாட்டில் வேறொரு வகைக் கல் தோன்றிற்று. அந்த யுத்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் கடல் கடந்து சென்றனர். 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிகுதியான ஆட்களை அனுப்பிய ஊர்களில் அன்றைய ஆட்சியாளர் சலவைக்கல் பலகைகளைப் பதித்தனர். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் இவை இன்றும் உண்டு. தமிழகத்து ஊர்கள் சிலவற்றிலும் உண்டு. எல்லாவற்றிலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றே. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்திற்குச் சென்றனர். அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அது. ஊருக்கு ஊர் எண் மட்டும் மாறும். போர்க்களத்தில் சண்டை 1918 நவம்பரில் நின்றது. சமாதான உடன்படிக்கை 1919-இல் கையெழுத்தாயிற்று. கல்லில் பின்னைய ஆண்டு காணப்படுவதன் காரணம் இதுவே.

இக்கற்களில் எண் இருக்கிறது, பெயர் இல்லை. சென்றவர் 40 பேர், மாண்டவர் 5 பேர் என்று ஒரு கல் கூறுவதாக வைத்துக் கொள்வோம். அந்த ஐவர் யாவர், எந்த வீட்டார், எந்த நாட்டில் வீழ்ந்தனர் என்பதை அக்கல்லின் எதிரே குடியிருக்கும் பேரனும் அதைக் கொண்டு அறிய இயலாது.

பெயர் எண்ணாகக் குறைந்தது சிற்றூர்க் கல்லோடு நின்றுவிடவில்லை. யுத்தத்தில் இறந்தோரை நினைவுகூர 1917-இல் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் கல்லறை ஆணையம், பதவி, இனம், மதம் என்ற வேற்றுமையின்றி ஒவ்வொருவருக்கும் பெயர் சுட்டி நினைவுச் சின்னம் அமைப்பதைக் கொள்கையாகக் கொண்டிருந்தது. பிரான்சில் நவ் ஷப்பேல் என்னும் ஊரில் 1927-இல் திறக்கப்பெற்ற இந்திய நினைவிடத்தில், கல்லறையின்றி மறைந்த 4,700-க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஆனால் மெசபொட்டேமியப் போர்முனையில் மாண்டோருக்காகப் பாஸ்ரா நகரில் எழுந்த நினைவிடத்தில், இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இடம்பெற்றன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கையாக நின்றனர். அந்தப் போர்முனையில் சென்னைச் சாப்பர் படையினரும் பணியாற்றினர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அதே ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை இக்குறையை ஒப்புக்கொண்டது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் முதலாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமத்துவமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாகிய குறைந்தது 1,16,000 பேர் பெயர் சுட்டியே நினைவுகூரப்படவில்லை என்றும் அது கூறியது.

ஆகவே எந்த நினைவுச் சின்னத்தின் முன் நின்றாலும், இறந்தவரின் பெயர் இதில் உண்டா என்று நாம் முதலிற் கேட்கலாம். கட்டடத்தின் உயரமும் வேலைப்பாடும் அதற்குப் பின்னரே. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு, காலவரிசையில் ஐந்து இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, மகாராஷ்டிரத்தில் புனே நகருக்கு வடகிழக்கே பீமா நதிக்கரையில் உள்ள கோரேகாவ். 1818 ஜனவரி முதல் தேதியன்று இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படைக்கும், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு சிறு படைக்கும் இங்கே போர் நடந்தது. கம்பெனிப் படையிடம் இருந்த இரண்டு பீரங்கிகளை இயக்கியவர்கள் சென்னைப் பீரங்கிப் படையினர். தன் படையினரின் நினைவாகக் கம்பெனி எழுப்பிய கல்தூணில் மாண்ட வீரர் 49 பேரின் பெயர்கள் உள்ளன. அவற்றுள் 22 பெயர்கள் மகார் சமூகத்தாருடையவை என்பதை அப்பெயர்களின் ஈற்றைக் கொண்டு அறிகின்றனர். கம்பெனியின் வெற்றியை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் தூணை நாட்டியவர் எண்ணியது ஒன்று. அதிலுள்ள பெயர்களுக்கு உரியவரின் வழித்தோன்றல்கள் அதிற் கண்டது வேறொன்று. ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் ஆண்மைக்கு அதுவே எழுத்துச் சான்றாயிற்று. 1927 ஜனவரி முதல் தேதியன்று டாக்டர் அம்பேத்கர் அங்குச் சென்றார். ஆண்டுதோறும் அந்நாளில் பெருந்திரளான மக்கள் இன்றும் அங்குக் கூடுகின்றனர். பெயரின்றி 49 என்ற எண் மட்டும் பொறிக்கப்பட்டிருந்தால், இது நிகழ்ந்திராது.

இரண்டாவது, உத்தராகண்ட மலைநாட்டில் டெஹ்ரி கட்வால் பகுதியிலுள்ள சம்பா என்னும் சிற்றூர். இதனை அடுத்த மஞ்சௌர் கிராமத்திற் பிறந்தவர் கப்பர் சிங் நேகி. 39-ஆவது கட்வால் ரைபிள்ஸ் படையில் அவர் சிப்பாயாகச் சேர்ந்தார். 1915 மார்ச் 10-ஆம் தேதி நவ் ஷப்பேல் போரில், துப்பாக்கி ஈட்டியுடன் பகைவரின் பதுங்குகுழிக்குள் இறங்கி, அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் தாமே முதல்வராகச் சென்று, பகைவர் சரணடையும் வரை அவர்களைப் பின்னே தள்ளினார். அப்போரிலேயே மாண்டார். அப்போது அவருக்கு வயது 19. விக்டோரியா கிராஸ் என்னும் உயரிய விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவருக்குக் கல்லறை இல்லை. நாம் மேலே கூறிய பிரெஞ்சு நாட்டு நினைவிடத்தில் பெயர் மட்டும் உண்டு. சம்பாவிலோ அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. ஏப்ரல் மாதந்தோறும் அவர் பெயரால் மேளா நடைபெறுகிறது. சுற்றுக் கிராமத்தார் கூடுகின்றனர். கட்வால் படையினரும் வந்து மரியாதை செலுத்துகின்றனர். கடைகளும் குழந்தைகளின் ஆரவாரமுமாக நடக்கும் இவ்விழாவைக் காணும்போது, நம் ஊர்களில் நடுகல்லுக்குப் படையலிடும் வழக்கமே நினைவுக்கு வரும்.

மூன்றாவது, நாகாலாந்தின் தலைநகராகிய கோஹிமா. 1944-இல் அது ஒரு சிறு மலையூர். அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியப் படைக்கும், பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் அங்கே கடும் போர் நிகழ்ந்தது. துணைக் கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் ஆட்டக்களம் ஒன்றே இரு தரப்புக்கும் இடையே எல்லையாக நின்ற நாட்களும் உண்டு. அதே குன்றின் சரிவில் இன்று படிப்படியாக அமைந்த போர்க் கல்லறை உள்ளது. ஆட்டக்களத்தின் கோடுகளையும் அழியாதபடி குறித்து வைத்திருக்கின்றனர். அங்கே 1,420 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான நினைவுப் பலகை. இந்து, சீக்கிய வீரர்களின் உடல்கள் அவரவர் மரபுப்படி எரியூட்டப்பட்டன. ஆதலின் அவர்களுள் 917 பேரின் பெயர்களை, கல்லறையின் உச்சியில் அமைந்த தகன நினைவிடத்தில் பொறித்துள்ளனர். உடலைப் புதைக்காதவருக்கும் கல்லிற் பெயர் உண்டு என்னும் இந்த ஏற்பாடு, பாஸ்ராவில் நேர்ந்த குறையை நாம் அறிந்த பிறகு இன்னும் மதிக்கத்தக்கதாகத் தோன்றும். அசாமிலும் மணிப்பூரிலும் நாகாலாந்திலும் பணி புரியும் நம்மவர், அப்பெயர்களின் அருகே ஒரு மணி நேரம் செலவிடலாம்.

நான்காவது, சுதந்திர பாரதத்தின் போர்க்களம். லடாக்கில் சூஷூல் கிராமத்தை அடுத்த ரெஸாங் லா கணவாய். 1962 நவம்பர் 18-ஆம் தேதி, ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில், உறைபனியில், 13-ஆவது குமாவுன் படையின் ஒரு கம்பெனி மேஜர் சைத்தான் சிங் தலைமையில் சீனப் படையை எதிர்த்து நின்றது. வீரர்களுள் மிகப் பெரும்பாலோர் இன்றைய ஹரியானாவிலுள்ள ரேவாரி, குருகிராமம் பகுதிகளைச் சேர்ந்த உழவர் குடிப் பிள்ளைகள். உயிர் பிழைத்து வந்த சிலர் கூறியதை முதலிற் பலர் நம்பவில்லை. 1963-இன் தொடக்கத்தில் அங்கே சென்றவர்கள், உறைந்த உடல்கள் தத்தம் நிலைகளிலேயே, கையில் ஆயுதத்துடன் கிடக்கக் கண்டனர். அதன் பின்னரே நடந்தது முழுமையாகத் தெளிவாயிற்று. சூஷூல் நினைவுச் சின்னம் 114 பேரைப் போற்றுகிறது. மேஜர் சைத்தான் சிங்குக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. சூஷூலுக்குச் சென்று வணங்க ரேவாரி மக்கள் எல்லோராலும் இயலுமா? ஆகவே அவர்கள் தம் ஊரிலும் ஒரு நினைவிடம் அமைத்துக் கொண்டனர். வீழ்ந்த இடத்தில் ஒரு கல், பிறந்த இடத்தில் ஒரு கல் என்ற இந்த இரட்டை வழக்கம் நாடெங்கும் உண்டு. ரயிலேறிப் பிழைக்கச் சென்று, இரண்டு ஊர்களுக்கும் உரியவராய் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

ஐந்தாவது, அதே லடாக்கில் கார்கில் சாலையிலுள்ள திராஸ் என்னும் சிற்றூர். 1999-இல் நடந்த கார்கில் போரில் உயிர் நீத்தவர்களின் பெயர்கள், தோலோலிங் மலையடிவாரத்தில் ஒரு நெடிய சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. கட்வாலியும் நாகரும் மலையாளியும் தமிழரும் அங்கே அருகருகே இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர், திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன். அவர் பணி புரிந்தது பீகார் ரெஜிமெண்டில். அவர் கட்டளைக்குட்பட்டவர்கள் பிற மொழியினர். அவ்வாண்டு மே மாத இறுதியில் படாலிக் மலைப்பகுதியில் வீழ்ந்த அவருடைய உடல், ஜூலையிலேதான் மீட்கப்பட்டது. வீர சக்கரம் பெற்ற அவருக்குத் திருச்சியிலும் நினைவுச் சின்னம் உண்டு.

இனி, இத்தகைய கல்லைப் படிக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். பெயருக்கு முன் உள்ள பதவியை முதலிற் காண வேண்டும். சிப்பாய், நாயக், ஹவில்தார் என்பன கீழிருந்து மேலாகச் செல்லும் நிலைகள்; சுபேதார் அதற்கும் மேற்பட்டவர். ஜமேதார் என்று இருந்தால் கல் பழையது எனலாம்; சுதந்திரத்திற்குப் பின் அப்பதவி நாயப் சுபேதார் எனப் பெயர் மாறிற்று. சாப்பர் என்பவர் பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் முதலிய பணிகளைச் செய்யும் பொறியியற் படையினர். அடுத்து, படைப்பிரிவின் பெயரைக் காண வேண்டும். மெட்ராஸ் என்ற சொல் அதில் இருக்குமாயின் நம்மவர் அதில் இருந்திருக்கக்கூடும். பின்னர்த் தேதியை நோக்கினால் எந்தப் போர் என்பது விளங்கிவிடும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இன்று பெயர்ப் பட்டியல் முழுவதையும் இணையத்தில் வைத்துள்ளது. யாவரும் கட்டணமின்றித் தேடலாம்.

கல்லும் என்றென்றைக்கும் நிலைப்பதன்று. மழையும் வெயிலும் எழுத்தைத் தேய்க்கின்றன. திருவிழாவுக்குச் சுவரை வெள்ளையடிப்போர் எழுத்தின் மீதும் சுண்ணாம்பைப் பூசிவிடுகின்றனர். சாலையை அகலப்படுத்துவோர் பலகையைப் பெயர்த்து எங்கேனும் சாய்த்து வைக்கின்றனர். நாம் வாழும் ஊரில் இத்தகைய கல் ஒன்று இருக்குமாயின், அதிலுள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதி, படமும் எடுத்து, ஊர்ப் பள்ளிக்கோ நூல்நிலையத்திற்கோ கொடுத்து வைக்கலாம். எண் மட்டும் உள்ள கல்லாயின், அவ்வூர் முதியோரைக் கேட்கலாம். மாண்டவரின் பெயர் ஏதேனும் ஒரு குடும்பத்தாரின் நினைவில் இன்னும் இருக்கக்கூடும். அதைக் கேட்டறியும் காலம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.